குளிர்காலத்தில் போர்ட் லூயி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரீஷியஸ் என்றதும் கடற்கரை விடுதிதான் நினைவுக்கு வரும். தலைநகர் போர்ட் லூயியை அரை நாளில் பார்த்துவிட்டு ஓடிவிடுவார்கள், அதுவும் பெரும்பாலும் தப்பான நாளில், தப்பான நேரத்தில். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே போகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் பதில்களும் இங்கே.

ஜூலையில் குளிர்காலமா? எவ்வளவு குளிரும்?

தீவு பூமத்திய ரேகைக்குத் தெற்கே 20 பாகையில் இருக்கிறது. அதனால் நமக்கு நேர் எதிர்: மே கடைசியில் வெக்கை இறங்கி, ஜூலை, ஆகஸ்டில்தான் குளிர் அதிகம். அதிகம் என்றாலும் போர்ட் லூயியில் பகலில் 24 முதல் 26 டிகிரி, விடியற்காலையில் 17, 18 அளவுக்குத்தான். சென்னை மார்கழி தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

ஊருக்கு ஊர் மாறுவதுதான் ஆளை ஏமாற்றும். குளிர்காலத்தில் தென்கிழக்குக் காற்று ஓயாமல் அடிக்கும். அது கொண்டுவரும் ஈரம் நடுத்தீவின் மேட்டில் தூறலாகக் கொட்டிவிடும். போர்ட் லூயி வடமேற்குக் கரையில், மோகா மலைத்தொடரின் மறைவில் இருப்பதால் அங்கே வந்து சேர்வது காய்ந்த காற்று. மேட்டில் உள்ள கியூர்பிப் நகரம் சுமார் 550 மீட்டர் உயரம். அங்கே குடை பிடித்து ரயில் ஏறியவர் போர்ட் லூயியில் இறங்கும்போது வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குவார். ஆகவே தொலைபேசியில் "மொரீஷியஸ் வானிலை" என்று தேடாதீர்கள். ஊர்ப் பெயர் போட்டுத் தேடுங்கள்.

எந்த மாதம் நல்லது?

ஊர் சுற்ற மட்டும் என்றால் செப்டம்பர். மழை குறைவு, காற்றும் தணியத் தொடங்கும், கடலில் இறங்கவும் மனசு வரும். ஜூன், ஜூலையில் கரும்பு பூத்திருக்கும். தீவின் வயல்களெல்லாம் வெள்ளி நிறமாகத் தெரியும் காலம் அது. அறுவடையும் தொடங்கிவிடுவதால் கரும்பு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போக வேண்டிவரும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். அப்போது இதே மலைகள் காற்றை மறித்துவிட, போர்ட் லூயி வெந்துபோகும். மதியம் நடக்கவே முடியாது.

பகல் சிறியது என்பதையும் கணக்கில் வையுங்கள். ஜூன் கடைசியில் காலை 6:40 தாண்டித்தான் சூரியன் வரும், மாலை 5:45-க்குள் போய்விடும். இந்திய, இலங்கை நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் பின்தங்கிய ஊர் என்பதால் முதல் இரண்டு நாள் உங்களுக்கு 4 மணிக்கே விழிப்பு வரும். அது நல்லதுதான். காலை 6 மணிக்கெல்லாம் திறந்துவிடும் இடம் சந்தை.

விசா வேண்டுமா?

இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்களுக்குச் சுற்றுலா நுழைவு வந்திறங்கியதும் கிடைக்கும், கட்டணம் இல்லை. திரும்பும் டிக்கெட், தங்குமிடத்தின் முன்பதிவு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான ஆதாரம் மூன்றையும் கேட்பார்கள். அச்சிட்டுக் கையில் வைத்திருந்தால் வரிசையில் தொலைபேசியைத் தடவிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. பயணப் படிவத்தைக் கிளம்பும் முன்பே இணையத்தில் நிரப்பிவிடுங்கள். கறிவேப்பிலைக் கொத்து, விதை, பழம், செடி எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் அவை உள்ளே போகாது.

விமான நிலையத்திலிருந்து நகருக்கு எப்படிப் போவது?

விமான நிலையம் தென்கிழக்கு மூலையில், பிளேசான்ஸில் இருக்கிறது; போர்ட் லூயி வடமேற்கில். நடுவே ஏறக்குறைய 45 கிலோமீட்டர். டாக்ஸியில் ஒரு மணி நேரம் ஆகும், காலை 7 முதல் 9 வரை தலைநகருக்குள் நுழைவதானால் இன்னும் கூடும். பெரும்பாலான டாக்ஸிகளில் மீட்டர் ஓடாது. பெட்டியை டிக்கியில் வைக்கும் முன்பே தொகையைப் பேசி முடியுங்கள், அது வண்டிக்கா, ஆளுக்கா என்பதையும் சேர்த்து.

சாமான் குறைவாக இருந்தால் பேருந்தில் கியூர்பிப் வரை வந்து, அங்கிருந்து மெட்ரோவில் போர்ட் லூயி போகலாம். 2019 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்டு, 2022-இல் கியூர்பிப் வரை நீண்ட தடம் இது. ரோஸ் ஹில் வழியாக இறங்கி வரும் இந்தத் தடத்தில், தலைநகருக்குச் சற்று முன்னால் ஒரு நிறுத்தத்தின் பெயர் கோரோமண்டல், நம் சோழமண்டலக் கரையின் பெயர். டிக்கெட்டை நிலையத்தில் உள்ள இயந்திரத்திலேயே எடுக்கலாம். பேருந்தில் நடத்துநர் ரொக்கம்தான் வாங்குவார். பெரிய நோட்டை நீட்டினால் முகம் சுளிப்பார். இறங்கும்வரை சீட்டைத் தொலைக்காதீர்கள், பரிசோதகர் ஏறுவது சாதாரணம்.

போர்ட் லூயியில் பேருந்து நிலையம் இரண்டு. வடக்கே போகும் வண்டிகள் இமிக்ரேஷன் சதுக்கத்திலிருந்தும், தெற்கும் மேடும் போகிறவை விக்டோரியாவிலிருந்தும் புறப்படும். வடக்கே பாம்ப்ளெமூஸில் உள்ள தாவரவியல் தோட்டம் பார்க்கக் கிளம்பி விக்டோரியாவில் காத்திருந்தால் வண்டி வராது. இரண்டுக்கும் நடுவே நடந்தால் கால் மணி நேரம்.

போர்ட் லூயியிலேயே தங்கலாமா?

தங்கலாம், ஆனால் பலருக்கு அது பொருந்தாது. இது அலுவலக ஊர். மாலை 5 மணிக்கு ஷட்டர்கள் இறங்கியதும் தெருக்கள் காலியாகிவிடும், துறைமுகக் கரையில் உள்ள கோடன் வளாகத்தில் மட்டும் வெளிச்சமும் உணவகங்களும் இருக்கும். வேலை விஷயமாகவோ, இரண்டு முழு நாள் நகரைப் பார்க்கவோ வந்தவர்களுக்குத் துறைமுகக் கரை விடுதிகள் சரி. குழந்தைகளோடு வருகிறவர்கள் வடக்கே கிராண்ட் பே, த்ரூ ஓ பீஷ் பக்கம் தங்கி, ஒரு வேலைநாளில் நகருக்கு வந்துபோவது மேல். மெட்ரோ பக்கத்திலேயே வேண்டும், செலவும் குறைய வேண்டும் என்றால் ரோஸ் ஹில், காத்ர் போர்ன். அங்கே இரவு போர்வை தேவைப்படும்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எப்படிச் சுற்றுவது?

திங்கள் முதல் வெள்ளிக்குள் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். காலை 8 மணிக்கு மத்தியச் சந்தையில் தொடங்குங்கள். காய்கறிப் பகுதியில் சௌசௌ, பூசணிக்கொடி, முருங்கைக்கீரை எல்லாம் இருக்கும். இங்கே முருங்கைக்குப் பெயர் 'பிரேத் முரும்'. வயிற்றுவலியிலிருந்து நீரிழிவு வரை எல்லாவற்றுக்கும் மூலிகைக் கட்டு விற்கும் கடைகளையும் காணலாம். பிளாஸ்டிக் பை தடை செய்யப்பட்ட நாடு என்பதால் துணிப்பை கொண்டுபோங்கள். மாடியில் உள்ள நினைவுப்பொருள் கடைகளில் சொன்ன விலையில் பாதியிலிருந்து பேரம் தொடங்கலாம். காய்கறிக்காரரிடம் பேரம் வேண்டாம்.

9 மணிக்கு ஆப்ரவாசி காட். 1834-இல் அடிமை முறையை ஒழித்த பிரிட்டிஷ் அரசு, கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவரத் தொடங்கியது. கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைமுகங்களிலிருந்து ஏறக்குறைய நாலரை லட்சம் பேர் இந்தத் தீவுக்கு வந்தார்கள். 1849 முதல் அவர்களை இறக்கிப் பதிவு செய்த கூடம் இது. 2006-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. மிஞ்சியிருப்பது சிறிய இடம்தான்: கருங்கல் சுவர்கள், சமையலறை, குளிக்குமிடம், கடலிலிருந்து ஏறி வந்த 16 படிகள். படிகளைப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா" என்று திரும்பிவிடுகிறார்கள். முதலில் விளக்கக்கூடத்துக்குள் போய்விட்டு அப்புறம் படிக்கு வாருங்கள். அனுமதி இலவசம். சனிக்கிழமை நண்பகலோடு மூடிவிடுவார்கள், ஞாயிறு விடுமுறை. அருகில் பழைய ராணுவ மருத்துவமனைக் கட்டடத்தில் 2023-இல் திறந்த அடிமை வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. ஒன்றைப் பார்த்து மற்றதை விட்டால் கதை பாதிதான்.

அங்கிருந்து தெற்கே நடந்தால் பிளாஸ் தார்ம். இருபுறமும் பனைகள் நிற்கும் இந்தச் சதுக்கத்தில் கடலைப் பார்த்து நிற்கும் சிலை மாஹே த லாபூர்தொனே. 1735-இல் பிரெஞ்சு ஆளுநராக வந்து இந்தத் துறைமுகத்தைத் தலைநகராக்கியவர். சென்னைக்காரர்களுக்கு இவரோடு இன்னொரு கணக்கும் உண்டு: 1746-இல் கப்பற்படையோடு வந்து ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தவர் இதே ஆள்.

அடுத்தது இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், அழிந்துபோன பறவையான டோடோவுக்காக. உலகில் டோடோ எலும்புக்கூடுகள் பல இருந்தாலும் அவை வெவ்வேறு பறவைகளின் எலும்பை ஒட்டவைத்தவை. ஒரே பறவையின் முழு எலும்புக்கூடு இங்கே மட்டும்தான். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைக் கண்டெடுத்தவர் எத்தியேன் திரியூ. தொழிலில் முடிதிருத்துபவர், ஓய்வு நேரத்தில் குகைகளைத் தோண்டியவர். புதன்கிழமை காலை தாமதமாகத் திறப்பார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் கோடனில் உள்ள புளூ பென்னி அருங்காட்சியகம். 1847-இல் அச்சான ஒரு பென்னி, இரண்டு பென்னி தபால்தலைகள் இங்கே இருக்கின்றன. 1993-இல் உள்ளூர் நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து ஏலத்தில் எடுத்து ஊருக்கே கொண்டுவந்தவை. வெளிச்சம் பட்டால் நிறம் மங்கும் என்பதால் அசல் தலைகளுக்கு ஒவ்வொரு மணியிலும் அரை மணியை ஒட்டிச் சுமார் 10 நிமிடம் மட்டும் விளக்குப் போடுவார்கள். மற்ற நேரம் தெரிவது நகல். 3:40-க்குப் போய் நகலைப் பார்த்துவிட்டு அசலைப் பார்த்த திருப்தியில் திரும்புகிறவர்கள் ஏராளம். நுழைவுச்சீட்டு வாங்கும்போதே அடுத்த முறை எப்போது என்று கேட்டுக்கொண்டு, அதுவரை மற்ற அறைகளைப் பாருங்கள். ஞாயிறு விடுமுறை.

4 மணிக்கு மேல் கால் தாங்கினால் ஃபோர்ட் அடிலெய்டு கோட்டைக்கு ஏறுங்கள். ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் ஷான் தெ மார்ஸ் குதிரைப்பந்தய மைதானம், பின்னால் மலைகள். இருட்டும் முன் இறங்கிவிட வேண்டும்.

சைவ உணவு கிடைக்குமா?

போர்ட் லூயியில் சைவக்காரர் பட்டினி கிடக்க வழியே இல்லை. தெருவெங்கும் கண்ணாடிப் பெட்டி வைத்த வண்டிகளில் டால் பூரி. கடலைப்பருப்பைப் போன்ற மஞ்சள் பட்டாணிப் பருப்பை வேகவைத்துப் பொடித்து, மைதாவுக்குள் வைத்து, மெல்லிசாகத் தேய்த்துக் கல்லில் போட்டு எடுப்பது, எண்ணெயில் பொரிப்பதில்லை. ஒன்று என்று விற்கமாட்டார்கள், ஜோடிதான் கணக்கு. இரண்டையும் விரித்து, பெரிய வெள்ளைப் பயறு கறி, 'ருகாய்' என்கிற தக்காளித் தொக்கு, கொத்தமல்லிச் சட்னி, மிளகாய் விழுது என்று வரிசையாகத் தடவி, மடித்துத் தாளில் சுருட்டிக் கையில் தருவார்கள். கீழ்முனையிலிருந்து குழம்பு ஒழுகும். முன்னால் குனிந்து நின்று சாப்பிடாவிட்டால் சட்டை போச்சு. மிளகாய் நம் ஊரைவிடச் சுள்ளென்று இருக்கும். "பா த்ரோ பிமா" என்றால் குறைத்துப் போடுவார்கள்.

'கதோ பிமா' என்பது அதே மஞ்சள் பருப்பில் செய்த சிறிய வடை. காலையில் அதை வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் வைத்து அமுக்கித் தின்பது இங்கே பழக்கம். சந்தைக்குள் 'அலூடா' விற்கும் கடைகளில் பிள்ளை கடைதான் பேர்போனது: குளிர்ந்த பால், ஊறிய சப்ஜா விதை, துருவிய கடல்பாசி, சிரப். மதுரைக்காரர்கள் ஜிகர்தண்டாவோடு ஒப்பிட்டுச் சண்டை போடத் தயாராகப் போகலாம்.

எச்சரிக்கை இரண்டு. சீனக் கடைகளில் வறுத்த நூடுல்ஸைச் சைவம் என்று கொடுத்தாலும் முட்டையும் சிப்பி சாஸும் சேர்ந்திருக்கும், கேட்டு வாங்குங்கள். அடுத்தது நேரம். நல்ல வண்டிகளில் 2 மணிக்கே சரக்கு தீர்ந்துவிடும், 3 மணிக்கு மேல் போனால் மிச்சம்தான். வாழையிலையில் பரிமாறும் 'செத் காரி' எனும் ஏழு கறி விருந்தும், அதோடு வரும் 'ரசோன்' என்கிற ரசமும் தமிழ்க் குடும்பங்களின் கோவில் விசேஷச் சாப்பாடு. அன்றாடம் கடையில் எதிர்பார்க்க வேண்டாம்.

தமிழில் பேசினால் புரியுமா?

பெரும்பாலும் புரியாது. பிள்ளை, செட்டி, முத்து, வீரப்பன் என்று பெயர் பலகைகளில் இருக்கும், பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில். வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி. பள்ளியில் தமிழ் படித்தவர்கள், கோவில் குருக்கள், வயதானவர்கள் சிலர் பேசுவார்கள். கடையில் "போன்ஸூர்" சொல்லாமல் நேராக விலை கேட்பது மரியாதைக் குறைவு. "போன்ஸூர், கொம்யே சா?" என்று கேட்டால் முகம் மலரும். ஆங்கிலமும் எங்கும் செல்லும்.

ஆனால் உங்கள் சட்டைப்பையில் தமிழ் இருக்கும். மொரீஷியஸ் ரூபாய் நோட்டுகளில் தமிழ் எழுத்தும் எண்ணும் உண்டு. 1998-இல் புதிய நோட்டுகளில் ஆங்கிலத்துக்கு அடுத்து இருந்த தமிழை இந்திக்குக் கீழே தள்ளியபோது தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். அரசு அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையில் மறுபடி அச்சிட்டது. 100 ரூபாய் நோட்டில் இருக்கும் முகம் ரங்கநாதன் சீனிவாசன், தமிழர், சட்டம் படித்த அரசியல் தலைவர். தீவின் எல்லா நோட்டையும் செலவழிக்காமல் அதில் ஒன்றைப் பத்திரப்படுத்துகிறவர்கள் நிறைய.

கூலிக்குப் போன மூதாதையரைப் பற்றித் தேட முடியுமா?

முடியும், ஆனால் ஆப்ரவாசி காட்டில் அல்ல. குடியேற்றப் பதிவேடுகள் மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிலையத்தின் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. பெயரை மட்டும் வைத்துத் தேடுவது கடினம், காரணம் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய எழுத்துக்கூட்டல். வந்த ஆண்டு, கப்பலின் பெயர், தகப்பன் பெயர், கிராமம், இவற்றில் குறைந்தது இரண்டு தெரிந்தால் நல்லது. குடியேற்ற எண் தெரிந்தால் வேலை சுலபம். போகும் முன் எழுதிக் கேட்டு நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். மெட்ரோவில் ரோஸ் ஹில்லில் பிரியும் கிளைத் தடத்தில் ரெதுயி வரை போய் இறங்கினால் பக்கம்.

நகரில் பார்க்க வேண்டிய கோவில்?

வடக்கு ஓரத்தில், அபர்க்ரோம்பி பகுதியில் உள்ள சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோவில். ஊரார் 'கைலாசன்' என்பார்கள், டாக்ஸிக்காரரிடம் அப்படியே சொல்லுங்கள். மதியம் நடை சாத்தியிருக்கும், காலையிலோ மாலையிலோ போங்கள். தைப்பூசக் காவடி பார்க்க நினைத்தால் குளிர்காலம் உதவாது. அது ஜனவரி, பிப்ரவரி வெக்கையில் வரும்.

பக்கத்திலேயே சாந்த் குருவாவில், விடுதலையான அடிமைகளிடையே பணி செய்த பாதிரியார் லவாலின் கல்லறை. அவர் இறந்தது 1864 செப்டம்பர் 9. ஒவ்வோர் ஆண்டும் அதற்கு முந்தைய இரவு தீவின் எல்லா மூலையிலிருந்தும் மக்கள் நடந்தே வருவார்கள். கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, இந்துக்களும் முஸ்லிம்களும். அந்த இரவு நீங்கள் ஊரில் இருந்தால் காரை எடுக்காதீர்கள்.

மலை ஏறலாமா?

ஏற வேண்டிய காலமே இதுதான். லெ பூஸ், 812 மீட்டர். 1836-இல் பீகிள் கப்பலில் வந்த டார்வின் ஏறிய மலை. மோகா பக்கத்திலிருந்து கரும்பு வயல் நடுவே தொடங்கும் பாதை எளிது. தோள்பட்டை போன்ற சமவெளி வரை குழந்தைகளும் வரலாம். கடைசிப் பகுதியான பெருவிரல் பாறைக்குக் கை ஊன்றித்தான் ஏற வேண்டும். போய்வர மூன்று மணி நேரம் வையுங்கள், ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். காலை 7-க்குத் தொடங்கினால்தான் மேகம் மூடும் முன் உச்சியில் இருக்கலாம். முந்தைய நாள் மேட்டில் தூறியிருந்தால் மண் வழுக்கும். அகலமான செருப்போடு வந்தவர்கள் இறங்கும்போதுதான் விழுகிறார்கள். உச்சியில் காற்று தள்ளும், தொப்பியைப் பையில் போடுங்கள். சமவெளியிலிருந்து போர்ட் லூயி பக்கம் இறங்கும் பாதை த்ரான்கெபார் பகுதியில் முடியும். ஆம், நம் தரங்கம்பாடியின் பெயர்தான். அந்தப் பக்கம் செங்குத்து அதிகம், தனியாக இறங்க வேண்டாம்.

கடலில் குளிக்கலாமா?

போர்ட் லூயியில் கடற்கரை கிடையாது, துறைமுகம் மட்டும். தண்ணீர் 22, 23 டிகிரி இருக்கும். இறங்கும்போது சில்லிடும், பிறகு பழகும். கிழக்குக் கரையில் விடுதி விலை குறைத்திருப்பார்கள், காரணம் காற்று. மணல் முகத்தில் அடிக்கும். குளிர்காலத்தில் வடக்கும் மேற்கும்தான் சரி: த்ரூ ஓ பீஷ், மோன் ஷுவாஸி, ஃபிளிக் ஆன் ஃபிளாக். ஜூலை முதல் அக்டோபர் வரை மேற்குக் கடலில் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் வரும்.

இரவில் பாதுகாப்பா?

பகலில் சந்தை நெரிசலில் பையை முன்னால் மாட்டினால் போதும். இருட்டிய பின் கம்பெனித் தோட்டம், பேருந்து நிலையங்களின் பின்புறம், சீனர் தெருவின் சந்துகள் வேண்டாம். பல தடங்களில் கடைசிப் பேருந்து மாலையிலேயே போய்விடும். திரும்பும் வண்டி எத்தனை மணிக்கு என்று காலையில் இறங்கும்போதே நடத்துநரிடம் கேளுங்கள்.

ஞாயிறு மட்டும்தான் ஓய்வு. போகலாமா?

சந்தை நண்பகல் வரை இருக்கும், மற்றதெல்லாம் பூட்டு. அன்றைக்குப் பாம்ப்ளெமூஸ் தாவரவியல் தோட்டத்துக்குப் போய்விடுங்கள். ராட்சத அல்லி இலைகளும் தாளிப்பனைகளும் இருக்கும், வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம். அல்லி கோடையில் பூப்பதுபோல் இப்போது பூக்காது. விநாயகர் சதுர்த்தி அரசு விடுமுறை, ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில் வரும். அன்று அருங்காட்சியகம் எதையும் நம்பிக் கிளம்ப வேண்டாம்.

என்னென்ன எடுத்துப் போவது?

பருத்திச் சட்டைகள், மாலைக்கு ஒரு மெல்லிய ஸ்வெட்டர், மேட்டுக்குக் காற்று புகாத மழைச்சட்டை. குடை காற்றில் மடங்கிவிடும். மின்சாரம் 230 வோல்ட், நம் சார்ஜர்கள் ஓடும். ஆனால் சுவரில் இருப்பது சதுர ஓட்டை மூன்று முனை பிரிட்டிஷ் பிளக், இல்லையென்றால் இரண்டு உருளை முனை பிரெஞ்சுப் பிளக். நம் மெல்லிய இரண்டு முனை சார்ஜர் பிரெஞ்சுப் பொருத்தியில் நுழையும். மூன்று முனை மடிக்கணினிக் கம்பி எதிலும் நுழையாது, மாற்றி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

லிச்சியும் மாம்பழமும் தின்னும் ஆசையில் வருகிறீர்கள் என்றால் டிக்கெட்டை மாற்றுங்கள். இரண்டும் நவம்பர், டிசம்பரில்தான் சந்தைக்கு வரும்.